நோய்க்கு ஒரு கணக்கு, காசுக்கு ஒரு கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"காற்று மாசால் ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் சாவு", "மருத்துவத்துக்கு அரசு செலவழிப்பது வெறும் இத்தனை சதவீதம்" என்று மாதத்துக்கு இரண்டு செய்தியாவது கண்ணில் படும். இந்த எண்களில் பெரும்பாலானவை இரண்டு பெரிய கணக்குகளிலிருந்து எடுத்தவை. ஒன்று உலக நோய்ச்சுமை ஆய்வு. மற்றது நாடுகளின் சுகாதாரச் செலவுக் கணக்கு. இந்தப் புள்ளிவிவரங்களோடுதான் எனக்கு நாள் முழுக்க வேலை. அதனால் மாணவர்களும் நண்பர்களும் பத்திரிகைக்காரர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த நோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொன்னால் போதாதா? 'நோய்ச்சுமை' என்று ஒன்று எதற்கு?

முதுகுவலியால் யாரும் சாவதில்லை. ஆனால் மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு முதுகு போனால் வீடே படுத்துவிடும். சாவை மட்டும் எண்ணினால் முதுகுவலி, மனச்சோர்வு, காது கேளாமை எல்லாம் கணக்கில் பூஜ்யம். இன்னொரு சிக்கலும் உண்டு. எண்பது வயதுப் பாட்டி இறப்பதும் எட்டு மாதக் குழந்தை இறப்பதும் அந்தக் கணக்கில் ஒன்றுக்கொன்று சமம்.

அதனால் உயிர்களுக்குப் பதிலாக ஆண்டுகளை எண்ணுகிறார்கள். சீக்கிரம் இறந்ததால் போன ஆண்டுகள் ஒரு பங்கு. நோயோடும் குறையோடும் வாழ்ந்த ஆண்டுகள், அந்த நோயின் கடுமைக்கு ஏற்ற எடையோடு, இன்னொரு பங்கு. இரண்டையும் கூட்டினால் வருவது 'டேலி'. ஒரு டேலி என்பது நல்ல உடல்நலத்தோடு வாழ்ந்திருக்க வேண்டிய ஓர் ஆண்டு பறிபோனதற்குச் சமம்.

2010-க்கான கணக்கில் பிறக்கும் குழந்தைக்கு வைத்த ஆயுள் அளவுகோல் 86 ஆண்டு. 30 வயதில் பைக் விபத்தில் இறந்தவர் சுமார் 56 ஆண்டுகளை இழக்கிறார். 70 வயதில் இறந்தவர்? 86-இல் 70 போனால் 16 என்று மனக்கணக்கு போடுவோம். ஆய்வின் அட்டவணை சுமார் 19 என்கிறது. 70 வரை தாக்குப்பிடித்தவர் 86-ஐத் தாண்டவும் வாய்ப்புள்ளவர் என்பதுதான் காரணம். பீகாரில் பிறந்தாலும் ஜப்பானில் பிறந்தாலும் இந்த அளவுகோல் மாறாது. "அந்த ஊரில் ஆயுளே குறைவுதானே, அதனால் இழப்பும் குறைவு" என்று சொல்ல இடமே வைக்கவில்லை. இந்த ஒரு முடிவுக்காகவே இந்தக் கணக்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இதை யார் தொடங்கியது?

கிறிஸ்டோபர் மர்ரே என்ற அமெரிக்க மருத்துவ-பொருளாதார ஆய்வாளரும், உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த ஆலன் லோபஸ் என்ற ஆஸ்திரேலியரும். அன்றைக்கு ஒவ்வொரு நோய்க்கும் ஒரு திட்டம், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அலுவலகம். வயிற்றுப்போக்குக்காரர்கள் ஒரு எண் சொல்வார்கள், மலேரியாக்காரர்கள் ஒன்று, தட்டம்மைக்காரர்கள் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் உலகில் இறந்த மொத்தக் குழந்தைகளைவிடக் கூடுதலாக வந்தது. அதாவது ஒரே குழந்தை இரண்டு மூன்று பேரேடுகளில் செத்திருந்தது. நிதி கேட்கப் போகிறவர் தன் நோயின் எண்ணைக் குறைத்தா சொல்வார்?

ஆகவே முதல் விதியாக வைத்தது: ஓர் உயிர், ஒரே காரணம், மொத்தத்தைத் தாண்டக் கூடாது. உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கைக்காகச் செய்த முதல் கணக்கில் 107 நோய்களும் 8 வட்டாரங்களும் இருந்தன. பிறகு சில காலம் உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்தது. 2007-இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குள் ஐ.எச்.எம்.இ. என்ற தனி ஆய்வு மையம் வந்தது. அதற்கு கேட்ஸ் அறக்கட்டளை கொடுத்தது 10.5 கோடி டாலர். 2012 டிசம்பரில் லான்செட் என்ற மருத்துவ இதழ் தன் முழு இதழையும் இந்த ஒரே ஆய்வுக்கு ஒதுக்கியது. 2021-க்கான சுற்றில் 204 நாடுகள் மற்றும் ஆட்சிப்பகுதிகள், 371 நோய்களும் காயங்களும், 88 ஆபத்துக் காரணிகள்.

அந்த 1993 அறிக்கையைப் படித்ததுதான் தன்னை இந்தப் பக்கம் இழுத்தது என்று பில் கேட்ஸே சொல்லியிருக்கிறார். பணக்கார நாடுகளில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸ் ஏழை நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்தது. அந்த வைரஸுக்கு இந்தியாவிலேயே உருவான ரோட்டாவாக் தடுப்புமருந்தின் பரிசோதனை நடந்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று. 2016-இலிருந்து அது இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது.

கண் தெரியாதவரின் வாழ்க்கையில் இத்தனை பங்கு குறைவு என்று எடை போட இவர்கள் யார்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரோடு நான் வாதாடுவதில்லை. நியாயமான கேள்வி.

ஒவ்வொரு நிலைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எடை. 0 என்றால் முழு நலம், 1 என்றால் சாவுக்குச் சமம். 1990-களில் இதை நிர்ணயித்தது ஜெனீவாவில் கூடிய ஒரு நிபுணர் குழு. பார்வையின்மைக்கு அவர்கள் கொடுத்தது சுமார் 0.6. பிறகு 2010-க்கான சுற்றில் முறையையே மாற்றினார்கள். வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் சாதாரண மக்களிடம் போனார்கள், இணையத்திலும் கேட்டார்கள். இரண்டு பேரைப் பற்றி நாலு வரி சொல்லி, "இவர்களில் யார் கூடுதல் உடல்நலத்தோடு இருக்கிறார்?" என்பதுதான் கேள்வி. சுமார் 30,000 பேர் பதில் சொன்னார்கள். பார்வையின்மையின் எடை 0.2-க்கும் கீழே விழுந்தது. தீவிர நிலையில் இருக்கும் மனச்சிதைவு எல்லாவற்றையும் தாண்டி உச்சத்துக்குப் போனது.

பார்வை இல்லாதவர்களுக்காக இயங்கும் அமைப்புகளுக்குக் கோபம். தங்கள் சுமை ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் யாருக்குத்தான் வராது? ஆனால் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். 'உடல்நலம்' பற்றித்தான் கேட்டார்கள், வாழ்க்கையைப் பற்றி அல்ல. பார்வை இல்லாதவருக்கு பஸ் நிறுத்தத்தில் அறிவிப்பு உண்டா, வேலை கிடைக்குமா, வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் இந்த எடைக்குள் வராது. சென்னையில் பார்வையற்றவர் சாலையைக் கடப்பதும் ஸ்டாக்ஹோமில் கடப்பதும் இதில் ஒன்றேதான். இந்தக் கணக்கின் பெரிய ஓட்டை இது என்பது என் கருத்து.

பழைய சுற்றுகளில் இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். இளைஞரின் ஓராண்டுக்குக் கைக்குழந்தை, முதியவர் ஆகியோரின் ஓராண்டைவிடக் கூடுதல் மதிப்பு. எதிர்கால ஆண்டுகளுக்கு வட்டிக் கணக்குப் போல 3 சதவீதக் கழிவு. இரண்டையும் 2010 சுற்றில் தூக்கிவிட்டார்கள். நல்ல காரியம்.

இறப்புக்குக் காரணமே பதிவாகாத நாடுகளுக்கு எண் எங்கிருந்து வருகிறது?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

என் பெரியப்பா இறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த தாளில், "இதயமும் சுவாசமும் நின்றதால்" என்று எழுதியிருந்தது. இருபது வருஷச் சர்க்கரை, இரண்டு வருஷ டயாலிசிஸ், அதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. இதயமும் மூச்சும் நிற்காமல் உலகில் யார் இறந்திருக்கிறார்கள்?

மருத்துவமனை இறப்புக்கு இந்தியாவில் படிவம் 4. அதில் ஒரு சங்கிலி எழுத வேண்டும்: முதலில் உடனடிக் காரணம், அதன் கீழே அதைக் கொண்டுவந்தது, அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் வேரான நோய். நோய்ச்சுமைக் கணக்குக்கு வேண்டியது அந்தக் கடைசி வரி. இரவுப் பணியில் இருக்கும் இளம் டாக்டர் முதல் வரியோடு கையெழுத்துப் போட்டுவிடுவார். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, உறவினர்கள் அவசரப்படுகிறார்கள். அப்படி எழுதியவற்றை ஆய்வாளர்கள் 'குப்பைக் குறியீடு' என்பார்கள். அதைத் தூக்கி எறியாமல், வயது, பாலினம், ஊர் பார்த்து உண்மையான காரணங்களாக இருக்கக்கூடியவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். என் பெரியப்பாவில் ஒரு பகுதி சர்க்கரைக்கும் ஒரு பகுதி இதய நோய்க்குமாகப் போயிருப்பார்.

அந்தத் தாளாவது இருந்தது. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்றோடு காரணம் பதிவானது 22.5 சதவீதம்தான். மீதிப் பேர் வீட்டிலோ, போகும் வழியிலோ, சான்று எழுத ஆள் இல்லாத இடத்திலோ இறந்தவர்கள். அவர்களுக்காக ஒரு முறை உண்டு, வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை. பயிற்சி பெற்ற களப்பணியாளர், டாக்டர் இல்லை, சாவு நடந்த வீட்டுக்குப் போய் உட்காருவார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? இருமல் எத்தனை வாரம்? சளியில் ரத்தம் வந்ததா? கால் வீங்கியதா? கடைசி நாளில் பேச்சு இருந்ததா? வீட்டார் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார். பிறகு இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறிப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் தீர்ப்பு.

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து பிரபாத் ஜா குழு நடத்திய பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு இப்படிச் செய்ததுதான். அதில் வெளிப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பாம்புக்கடியால் அரசு மருத்துவமனைக் கணக்கில் ஆண்டுக்கு ஓரிரு ஆயிரம் பேர்தான் இறந்துகொண்டிருந்தார்கள். வீடு வீடாகக் கேட்டபோது 2005-க்கான மதிப்பீடு சுமார் 46,000. வித்தியாசம் புரிகிறதா? கடிபட்டவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே இல்லை. சென்னை அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பகுதி தயாராகிறது. அந்த மருந்து எத்தனை பேருக்குத் தேவை என்பதே நாட்டுக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது.

இதுவும் இல்லாத நாடுகள்? அங்கே கணினியில் ஓடும் கணித மாதிரி (மாடல்) ஒன்றுதான். அக்கம்பக்கத்து நாடுகள், வருமானம், படிப்பு, அதே நாட்டின் பழைய கணக்கெடுப்பு எல்லாவற்றையும் வைத்து ஊகிக்கும். ஊகம் என்றதும் கேவலமாக நினைக்க வேண்டாம், முறையோடு செய்த ஊகம் அது. ஆனால் தரவே இல்லாத நாட்டின் எண்ணும், ஒவ்வொரு சாவையும் எழுதிவைக்கும் பின்லாந்தின் எண்ணும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே எழுத்தளவில் அச்சாகின்றன. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறைந்தபட்சமும் அதிகபட்சமும் இருக்கும். பத்திரிகைகள் முதலில் வெட்டுவது அதைத்தான்.

ஒரே நோய்க்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு எண் சொல்கின்றன. எது சரி?

2010-இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் 6,55,000 என்றது உலக சுகாதார நிறுவனம். சியாட்டில் குழு, அதாவது ஐ.எச்.எம்.இ., 12.4 லட்சம் என்றது. ஏறக்குறைய இரட்டிப்பு. ஐந்து வயதைத் தாண்டியவர்கள் மலேரியாவால் எவ்வளவு இறக்கிறார்கள் என்பதில்தான் சண்டையின் பெரும்பகுதி. இந்தியாவுக்கு மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் விரியும். நிறுவனத்தின் மதிப்பீடு சுமார் 15,000. பத்து லட்சம் மரணங்கள் ஆய்வின் மதிப்பீடு 70 வயதுக்குள் மட்டுமே 2,05,000. 'காய்ச்சல் கண்டு இறந்தார்' என்று வீட்டார் சொன்னால் அது மலேரியாவா, டைஃபாய்டா, வேறு தொற்றா? வாய்மொழி முறையின் பலவீனம் இங்கேதான். ரத்தப் பரிசோதனை செய்யாமலே புதைத்தவர்களை விட்டுவிடுவது ஆஸ்பத்திரிக் கணக்கின் பலவீனம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கோவிட் நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அரசு அறிவித்திருந்த கோவிட் மரணங்கள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. இந்திய அரசு கடுமையாக மறுத்தது. ஒன்றை மறக்கக் கூடாது. முன்னது எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த கூடுதல் சாவு. பின்னது கோவிட் என்று சான்றளித்த சாவு. இரண்டும் ஒரே பொருள் அல்ல. ஆனால் அந்த வித்தியாசம் மட்டுமே ஒன்பது மடங்கை விளக்கிவிடாது.

அதே சியாட்டில் குழு சொல்லும் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கிறதே?

இருக்கிறது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பிறைச்சியால் உலகில் இறந்தவர்கள் 2017-க்கான சுற்றில் 25,000. 2019-க்கான சுற்றில் 8,96,000. இரண்டே ஆண்டில் மக்கள் முப்பத்தைந்து மடங்கு கறி தின்னவில்லை. இவ்வளவு வரை சாப்பிட்டால் கேடில்லை என்று வைத்திருந்த அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கினார்கள். நோய்த் தொடர்புகளைப் புதிதாகக் கணித்தார்கள். வேறு ஆய்வாளர்கள் லான்செட்டிலேயே ஆட்சேபித்து எழுதினார்கள். உலக அளவில் கோவிட் காலக் கூடுதல் மரணங்களும் அப்படித்தான். 2022-இல் 1.82 கோடி என்றவர்கள் 2024-இல் 1.59 கோடி என்று திருத்தினார்கள்.

அதனால் பழைய சுற்றின் எண்ணைப் புதிய சுற்றின் எண்ணோடு ஒப்பிட்டு, "குறைந்துவிட்டது", "ஏறிவிட்டது" என்று எழுதவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் 1990-லிருந்து எல்லா ஆண்டுகளையும் திரும்பக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள். ஒப்பிட வேண்டுமானால் ஒரே சுற்றுக்குள் ஒப்பிடுங்கள்.

இதில் தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சியாட்டில் குழுவும் இன்னும் பலரும் சேர்ந்து 2017 நவம்பரில் மாநிலவாரியான கணக்கை வெளியிட்டார்கள். 1990-இல் இந்தியாவின் நோய்ச்சுமையில் 61 சதவீதம் தொற்றுநோய், பேறுகாலம், பச்சிளங்குழந்தை, சத்துக்குறைவு சார்ந்தது. 2016-இல் அது 33 ஆனது. தொற்றாநோய்கள் 30-லிருந்து 55-க்கு ஏறின. இந்த மாற்றத்தில் மிக முன்னே போய்விட்டவை என்று மூன்று மாநிலங்களைத் தனியாகப் பிரித்தார்கள்: கேரளா, கோவா, தமிழ்நாடு.

முன்னேற்றம்தான். ஆனால் வயிற்றுப்போக்குக்கு ஒரு பாக்கெட் உப்புச்சர்க்கரைக் கரைசல் போதும், வாரத்தில் சரியாகிவிடும். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை. நோயின் இயல்பு மாறினால் செலவின் இயல்பும் மாறும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோவது இந்தக் காரணத்தால்தான்.

ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டில் முதியவர்கள் அதிகம், பீகாரில் குழந்தைகள் அதிகம். மொத்தப் புற்றுநோய்ச் சாவுகளை அப்படியே வைத்து ஒப்பிட்டால் தமிழ்நாடு மோசமாகத் தெரியும். வயது வித்தியாசத்தைச் சமன் செய்த விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, செலவுக்கு வருவோம். ஒரு நாட்டின் சுகாதாரச் செலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நாடுகள் பொதுவாகப் பின்பற்றுவது 2011-இல் திருத்திய சுகாதாரக் கணக்கு முறை. யார் கொடுத்தார், யாரிடம் போனது, எதற்குப் போனது என்று மூன்று பக்கமும் ஒத்துப்போக வேண்டும். அரசு பட்ஜெட் கிடைத்துவிடும், காப்பீட்டு நிறுவனக் கணக்கும் கிடைக்கும். மக்கள் கையிலிருந்து போவதுதான் பிடிபடாது. வீட்டுக்கு வீடு போய்க் கேட்டால்தான் தெரியும்.

எது உள்ளே, எது வெளியே என்பது பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய காய்ச்சல் மாத்திரை உள்ளே. கூட இருந்து பார்த்துக்கொண்ட மகள் இழந்த பத்து நாள் கூலி வெளியே. ஆஸ்பத்திரி வாசலில் அவர் தங்கிய லாட்ஜ் வாடகையும் வெளியே. குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் எவ்வளவு நோயைத் தடுத்தாலும் அவையும் வெளியே.

உலகம் முழுக்க 2021-இல் இப்படிச் செலவானது 9.8 லட்சம் கோடி டாலர், உலக மொத்த உற்பத்தியில் (ஜி.டி.பி.) 10.3 சதவீதம்.

அதிகம் செலவழிக்கிற நாட்டில் மக்கள் அதிக நாள் வாழ்கிறார்களா?

ஓரளவு வரை. ஏழை நாட்டில் கூடுதலாகப் போடும் ஒவ்வொரு ரூபாயும் ஆயுளில் தெரியும். ஒரு கட்டத்துக்கு மேல் கோடு படுத்துவிடும்.

அமெரிக்கா 2022-இல் தலைக்கு 13,493 டாலர் செலவழித்தது. உற்பத்தியில் 17.3 சதவீதம். அந்த ஆண்டு அவர்களின் சராசரி ஆயுள் 77.5. இலங்கையில் தலைக்கு ஆண்டுச் செலவு இருநூறு டாலருக்கும் குறைவு; ஆயுள் ஏறத்தாழ அதே அளவு. முகநூலில் இந்த ஒப்பீட்டைப் போட்டு "பார்த்தீர்களா!" என்று முடித்துவிடுவார்கள். நான் முடிக்க மாட்டேன்.

செலவு என்பது விலையும் அளவும் சேர்ந்த பெருக்கல். அமெரிக்கர்கள் நம்மைவிடப் பல மடங்கு ஊசி போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள். காப்பீட்டுக் காகித வேலைக்கே பெருந்தொகை போகிறது. அதோடு 2022-இல் மட்டும் அங்கே போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். துப்பாக்கிச் சாவு தனி. ஆஸ்பத்திரிக்குக் கொட்டும் பணம் இதையெல்லாம் நிறுத்திவிடாது.

இலங்கையின் கதை 1926-இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவிலிருந்து வருகிறது. ஊருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர். கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பிள்ளைக்குத் தடுப்பூசி முடியும் வரை அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரிகளில் இலவச வைத்தியம். 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. சுகாதாரத்துக்கு அந்த நாடு கொடுப்பது உற்பத்தியில் சுமார் 4 சதவீதம்.

ஆனால் சராசரிக்குள் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகம் மறைந்துவிடும். 2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுக்க சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32. மலிவாகச் சாதித்த அமைப்பு எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடந்தது என்பதை 2022 பொருளாதார நெருக்கடியின் மருந்துத் தட்டுப்பாடு காட்டிவிட்டது.

இன்னொன்று. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1990-களின் நடுவிலிருந்து மாத்திரைகளை மொத்தமாக டெண்டர் விட்டு மலிவாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. கேரளாவும் ராஜஸ்தானும் பின்னர் இதைப் பார்த்துச் செய்தன. செலவுக் கணக்கில் இது எப்படித் தெரியும்? 'குறைவாகச் செலவழிக்கும் மாநிலம்' என்று தெரியும். பேரேட்டில் ரூபாய்க்குத்தான் பத்தி உண்டு, மாத்திரைக்கு இல்லை.

இந்தியாவில் கைக்காசு எவ்வளவு போகிறது?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2013-14-இல் மொத்தச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் நேரடியாகக் கொடுத்தது. 2021-22-இல் அது 39.4. அரசின் பங்கு 28.6-லிருந்து 48 சதவீதமாக ஏறியது. ஆனாலும் அது உற்பத்தியில் 1.84 சதவீதம்தான். 2017 சுகாதாரக் கொள்கை 2025-க்குள் 2.5 எட்டுவதாகச் சொல்லியிருந்தது.

64-லிருந்து 39 பெரிய இறக்கம். கைக்காசுப் பகுதிக்கு அடிப்படை 2017-18-இல் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பு. அதில் மக்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதே குறைந்து தெரிகிறது என்றும், குறைவாகப் போனால் குறைவாகத்தான் செலவாகும், அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்றும் பொருளாதார அறிஞர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அரசுச் செலவு கூடியிருப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2021-22-இல் தலைக்குக் கைக்காசு சுமார் 2,600 ரூபாய். கேட்டால் ஒன்றும் இல்லை போலிருக்கும். ஆனால் இந்தச் செலவு எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. தெருவில் பத்தொன்பது வீட்டில் காய்ச்சல் மாத்திரையோடு முடியும். இருபதாவது வீட்டில் பைபாஸ், நகை அடகுக்குப் போகும். சராசரியில் அந்த வீடு தெரியாது. அதற்காகத்தான் வீட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் 'பேரிடர்ச் செலவு' என்று தனியாக எண்ணுகிறார்கள். 2019-இல் உலகில் அப்படிப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் சுமார் நூறு கோடிப் பேர்.

நோய் எங்கே அதிகமோ அங்கேதானே பணம் போகிறது?

இல்லை. அரசுகளின் சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது உலக அளவில் சுமார் 2 சதவீதம். நோயோடு வாழ்ந்த ஆண்டுகளில் மனநோய்களின் பங்கு அதைப்போலப் பல மடங்கு. ஏழை நாடுகளுக்குப் போகும் வெளிநாட்டு உதவியிலும் தொற்றாநோய்களுக்குக் கிடைப்பது அதே அளவு சொற்பம். எய்ட்ஸுக்கு நிறையக் கிடைத்தது. அங்கே கேட்க ஆள் இருந்தார்கள், வீதிக்கு வந்தார்கள், மருந்து விலையை இறக்கவும் வைத்தார்கள். சர்க்கரை நோயாளிகள் ஊர்வலம் போவதில்லை.

இப்போது அந்த உதவியே சுருங்குகிறது. ஐ.எச்.எம்.இ. கணக்கின்படி 2024-இல் 4,960 கோடி டாலராக இருந்தது 2025-இல் 3,910 கோடி. வெட்டியதில் பெரும்பங்கு அமெரிக்காவுடையது. அதோடு, அமெரிக்க உதவியில் பல பத்தாண்டுகளாக ஏழை நாடுகளில் வீடு வீடாகப் போய்க் குழந்தை இறப்பையும் தடுப்பூசியையும் விசாரித்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டமும் 2025 பிப்ரவரியில் நின்றது. மேலே சொன்ன கணினி மாதிரிகளுக்குத் தீனி போட்டது பெரும்பாலும் அதுதான்.

இந்த எண்களை நானே பார்க்க முடியுமா?

தாராளமாக. ஐ.எச்.எம்.இ. தளத்தில் நோய்ச்சுமை முழுக்க இலவசமாகக் கிடக்கிறது, இந்திய மாநிலங்களுக்குத் தனிப் பக்கமும் உண்டு. செலவுக் கணக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தரவுத்தளம். நோய்ப் படத்தில் நீலக் கட்டங்கள் தொற்றாநோய், சிவப்பு தொற்றுநோயும் பேறுகாலமும், பச்சை விபத்தும் காயமும். நாடுகளை ஒப்பிடுவதென்றால் 'எண்ணிக்கை' என்பதை வயதைச் சமன் செய்த விகிதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செலவில் டாலர் என்றால் எந்த ஆண்டு டாலர், சந்தை மாற்று விகிதமா, உள்ளூர் விலைக்கேற்பத் திருத்தியதா என்று பாருங்கள். இந்தியாவுக்கு இரண்டும் சில மடங்கு வித்தியாசப்படும். போனில் திறந்தால் கட்டங்கள் நெருங்கிப் பெயர் படிக்க முடியாது, கணினியில் பாருங்கள்.